ஞாயிற்றுக்கிழமை எழுதலாம் என்று வைத்திருந்தவை

வேலை நாட்களில் நேரம் கிடைப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை வரட்டும், உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று பல ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவனுக்கு இந்தச் சாக்கு சிரமமில்லாமல் கிடைத்துவிடுகிறது. மாதத்தின் முதல் வாரம் சென்ற மாதக் கணக்கை முடிப்பதில் போகும். இரண்டாவது வாரம் முடித்த கணக்கைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்வதில் போகும். மூன்றாவது வாரத்திலாவது மூச்சு விடலாம் என்று நினைத்தால் தணிக்கையாளர் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஆகவே எழுத வேண்டும் என்று தோன்றியதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமையின் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

சென்ற மாதம் கணினியை மாற்ற வேண்டியதாயிற்று. பழையதிலிருந்து கோப்புகளைப் புதியதற்கு நகர்த்தும்போது, என் கட்டுரைகள் கிடந்த கோப்புறையைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு கோப்பும் என்று உருவானது, கடைசியாக என்று திருத்தப்பட்டது என்பதைக் கணினி தானாகவே குறித்துவைத்திருக்கும். கணக்குப் பார்த்துப் பழகிய கை சும்மா இருக்குமா? தேதிகளை ஒரு தாளில் எழுதி, எதிரே கிழமையைப் போட்டேன். எழுதி முடித்து வெளியே அனுப்பிய கட்டுரைகளில் பெரும்பாலானவை செவ்வாய், புதன், வியாழக்கிழமைகளில் தொடங்கியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை தொடங்கியவையும் எண்ணிக்கையில் குறைவில்லை. ஆனால் அவற்றுள் பல ஒரு பத்தியோடு நின்றிருந்தன, சில தலைப்போடேயே நின்றிருந்தன. ஒரு கோப்பில் ஒரே தலைப்பு மூன்று விதமாக எழுதப்பட்டு, மூன்றும் அடிக்கோடிடப்பட்டு, அதன் கீழே வெள்ளைப் பக்கம் மட்டும் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீட்டில் வேறு எவரும் இல்லை, தொலைபேசி ஒலிக்கவில்லை, மறுநாளுக்கென்று எந்த அவசரமும் இல்லை. எந்த எழுத்துருவில் எழுதினால் நன்றாக இருக்கும் என்று பார்ப்பதிலேயே முற்பகல் முடிந்துபோயிற்று.

பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் சிரில் நார்த்கோட் பார்க்கின்சன் 1955 நவம்பரில் தி எகனாமிஸ்ட் இதழில் எழுதிய ஒரு கட்டுரையின் முதல் வரி, அலுவலகக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழுவது: ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் இருக்கிறதோ, அவ்வளவு நேரத்தையும் அடைத்துக்கொள்ளும்படி அந்த வேலை பெருகும். அரசு அலுவலகங்களில் ஆள் எண்ணிக்கை பெருகுவதைப் பற்றிய கட்டுரை அது என்பதால், அந்த வரியும் எங்களைப் போன்ற அலுவலகத்தாரை நோக்கிச் சொன்னது என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். ஆனால் அவர் முதலில் கொடுக்கும் எடுத்துக்காட்டில் அலுவலகமே இல்லை. நாள் முழுவதும் ஓய்வாக இருக்கும் ஒரு மூதாட்டி, உறவுக்காரப் பெண்ணுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுகிறார். அட்டையைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம், மூக்குக் கண்ணாடியைத் தேட இன்னொரு மணி நேரம், முகவரிக்கு அரை மணி நேரம், எழுதுவதற்கு ஒன்றேகால் மணி நேரம், அடுத்த தெருவில் இருக்கும் அஞ்சல் பெட்டிக்குப் போகக் குடை எடுத்துச் செல்வதா வேண்டாமா என்று முடிவுசெய்ய 20 நிமிடம். வேலை மிகுந்த ஒருவருக்கு இவை அனைத்தும் சேர்ந்து மூன்றே நிமிட வேலை என்கிறார் பார்க்கின்சன். நான் கூட்டிப் பார்த்தேன்: மொத்தம் 4 மணி 5 நிமிடம் வருகிறது, அதில் எழுதிய நேரம் 1 மணி 15 நிமிடம்தான். என் எழுத்துரு ஞாயிற்றுக்கிழமையோடு ஒப்பிட்டால் அந்த மூதாட்டி வேகமாகவே எழுதியிருக்கிறார்; அட்டையை முடித்து அஞ்சலிலும் சேர்த்துவிட்டார்.

விடுமுறை நாளில் உடம்பும் ஒத்துழைப்பதில்லை. வாரம் முழுவதும் ஆறு மணிக்கு எழுகிறவன் ஞாயிறன்று எட்டரைக்கு எழுந்தால், விமானத்தில் ஏறாமலேயே இரண்டரை மணி நேர வித்தியாசமுள்ள வேறொரு நாட்டில் போய் இறங்கியதற்குச் சமம். டில் ரோன்னபெர்க்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2006இல் இதற்குச் சமூக ஜெட்லாக் என்று பெயர் வைத்தார்கள். எழுந்து, சோம்பல் முறித்து, துணிகளை மடித்துவைத்து, சரி எழுதலாம் என்று உட்காரும்போது பிற்பகல் ஆகியிருக்கும். பிற்பகல் கடந்தால் திங்கட்கிழமையின் நிழல் மேசை மேல் விழத் தொடங்கிவிடும்.

அப்படியானால் வேலை நாளின் எந்தப் பொழுதில் எழுதினேன்? மாலையில் அல்ல என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். இரவு ஒன்பது மணிக்கு மேல் எழுத முயன்று தோற்ற நாட்கள் எத்தனையோ உண்டு. திரையில் ஒரு வரியைத் தட்டிவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும்போது, பகலில் ஒத்துப்போகாமல் விட்டுவந்த வங்கிக் கணக்கின் அந்தச் சிறிய வித்தியாசத் தொகை கண்முன் வந்து நிற்கும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது முந்தைய வேலையின் மீதான கவனத்தில் ஒரு பகுதி கூடவே தங்கிவிடுகிறது என்றும், முதல் வேலை அரைகுறையாக நின்றிருந்தால் இந்தத் தொல்லை மிகுதி என்றும் காட்டினார். தமிழில் அதைக் கவன எச்சம் என்று சொல்லலாம். கணக்குப் பிரிவில் எங்களுக்கு அது மாத இறுதி நிலுவை.

இந்த எச்சம் என்ற சொல் என்னை நெடுநேரம் யோசிக்கவைத்தது. பள்ளியில் வினையெச்சம் படித்திருக்கிறோம்: வந்து, பார்த்து, சொல்லி. முற்றுப்பெறாமல், தன்னை முடித்துவைக்க ஒரு வினைக்காகக் காத்திருக்கும் சொற்கள். லெராய் சொல்லும் எச்சம் மாலையில் என் எழுத்தைக் கெடுப்பது உண்மைதான். ஆனால் அதே எச்சத்தை எதிர்த்திசையிலும் வேலை வாங்கலாம் என்பது தற்செயலாகத் தெரியவந்தது. ஒரு புதன்கிழமை மதிய இடைவேளையில் எழுதிக்கொண்டிருந்தபோது, கூட்டம் இருக்கிறது என்று அவசரமாக அழைத்தார்கள். நான் எழுதிக்கொண்டிருந்த வாக்கியம், "பெட்டியைத் திறந்து" என்ற இடத்தில் நின்றது. கூட்டத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எண்கள் ஒருபக்கம் ஓடிக்கொண்டிருக்க, திறந்து என்ன செய்தார், திறந்து என்ன பார்த்தார் என்று மனத்தின் மற்றொரு பக்கம் விடாமல் அரித்துக்கொண்டிருந்தது. மறுநாள் இடைவேளையில் கோப்பைத் திறந்தபோது, என்ன எழுதலாம் என்று யோசிக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை. அன்றிலிருந்து வேலை நாட்களில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு எழுந்திருப்பதில்லை. ஒரு வினையெச்சத்தில் வாக்கியத்தை நிறுத்திவிட்டே எழுகிறேன். கூட்டத்தில் என் கவனம் முழுமையாக இருந்ததா என்று மேலாளர் கேட்டால் என்ன சொல்வது என்பது வேறு விஷயம்.

எழுத உண்மையில் கிடைப்பது மதிய இடைவேளையில் 20 நிமிடம், காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன் கால் மணி நேரம், அவ்வளவுதான். இவ்வளவு குறைந்த நேரத்தில் எழுத்துருவைப் பற்றி யோசிக்க முடியாது. முதல் வரி அழகாக அமையவில்லை என்று அழித்து அழித்து எழுதவும் முடியாது. பன்னிரண்டு ஐம்பதுக்குத் திரும்ப வேண்டும் என்றால், சொல்ல வந்ததைப் பன்னிரண்டு முப்பத்தைந்துக்குள் சொல்லத் தொடங்கியே ஆக வேண்டும். நேரத்துக்கு ஒரு சுவர் இருந்தால்தான் சாய்ந்துகொள்ள எனக்கு இடம் கிடைக்கிறது.

வேலைக்குப் போய்க்கொண்டே எழுதியவர்கள் என்றால் ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிராலப்பை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் அதிகாரியாக இருந்தவர். காலை ஐந்தரை மணிக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்து, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று கணக்கு வைத்து மூன்று மணி நேரம் எழுதினார். கால் மணிக்கு 250 சொற்கள் என்பது கணக்கர்களுக்குப் பிடித்தமான செய்தி. ஆனால் அவரைச் சுட்டிக்காட்டி நம்மை வெட்கப்படவைப்பவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தம்மை விடியற்காலையில் எழுப்பிவிடுவதற்கென்றே ஒரு வேலையாளுக்குத் தனியாகப் பணம் கொடுத்து வந்தார் டிராலப். தம் வெற்றிக்கு வேறு எவரையும்விட அந்த வேலையாளுக்கே அதிகம் கடன்பட்டிருக்கிறோமோ என்கிற அளவுக்கு அவரே அதை எழுதியும் வைத்திருக்கிறார். ஒழுக்கத்தோடு உதவியாளும் இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்வதே நியாயம். என்னை எழுப்பக் கைபேசி மட்டுமே இருக்கிறது, அதை அணைக்கும் விரலும் என்னுடையதாகவே இருக்கிறது.

இடைவேளைக்கு வெளியே தோன்றுவதைக் கைபேசியில் குறித்துவைப்பேன். இதிலும் நான் செய்த தவறு பெரியது. ஒரு மழை நாளில் லிஃப்டில் போய்க்கொண்டிருக்கும்போது, நல்ல கட்டுரை ஒன்றுக்கான பொறி தட்டியது. ஏழாவது மாடி வருவதற்குள் குறித்துக்கொண்டேன். சனிக்கிழமை காலை ஆர்வத்தோடு திறந்து பார்த்தால், "குடை. ஈரம். மூன்று பேர்." என்று இருந்தது. எந்தக் குடை, யார் அந்த மூன்று பேர், அவர்களுக்கும் எனக்கும் என்ன தொடர்பு என்று இன்றுவரை தெரியவில்லை. லிஃப்டில் எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. தமிழ் வாக்கியத்தின் உயிர் கடைசியில் வரும் வினையில் இருக்கிறது. பெயர்ச்சொற்களை மட்டும் பொறுக்கி வைத்தால், யார் என்ன செய்தார் என்ற விஷயமே கைநழுவிப் போய்விடுகிறது. இப்போதெல்லாம் எவ்வளவு அவசரம் என்றாலும் முழு வாக்கியமாகவே குறிக்கிறேன். "சுருக்கமாகச் சொல்கிறேன் என்று மூன்று முறை சொன்னவர் நாற்பது நிமிடம் பேசினார்" என்று ஒரு கூட்டத்தின் நடுவே குறித்த வரி, ஒரு வாரத்தில் ஒரு சொல்கூட மாறாமல் ஒரு கட்டுரையின் முதல் வரியாக அமைந்தது.

வேலை நாளில் எழுதுவதற்குத்தான் நான் பரிந்து பேசுகிறேனே தவிர, வேலை நாளில் வெளியிடுவதற்கு அல்ல. ஒரு வெள்ளிக்கிழமை இரவு, வாரம் முழுவதும் துண்டு துண்டாக எழுதியதை ஒன்றாகச் சேர்த்து, ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, பதினொன்றரை மணிக்கு நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். மாதக் கடைசியின் பணிச்சுமையைப் பற்றிய கட்டுரை அது. நான் தட்டுவது ஒலிவழித் தட்டச்சு; சாதாரண எழுத்தை அழுத்தினால் றன்னகரமும், ஷிஃப்ட் விசையோடு அழுத்தினால் டண்ணகரமும் வரும். களைத்துப்போன விரல் ஷிஃப்டைத் தொடவே இல்லை. பணிச்சுமை என்று வர வேண்டிய ஏழு இடங்களிலும் பனிச்சுமை என்று இருந்தது. பிழை திருத்திக்கும் அதில் குறை தெரியவில்லை, ஏனென்றால் பனியும் தமிழ்ச்சொல், சுமையும் தமிழ்ச்சொல். மறுநாள் காலை ஒரு நண்பர், "அண்ணா, கூரை தாங்குமா? எந்த நாட்டில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். இன்னொருவர் கேலி எதுவும் செய்யாமல், கட்டுரை கவித்துவமாக இருந்தது என்று பாராட்டியிருந்தார். அதுதான் அதிகமாக வலித்தது.

சனிக்கிழமை காலைப்பொழுது எனக்கு எதற்கு உதவும் என்று தெரிந்தது அதற்குப் பிறகே. புதிதாக ஒன்றைத் தொடங்க அது உதவாது. ஏற்கெனவே இருப்பதை வெட்டுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. வேலை நாளில் இருபது நிமிடத்துக்குள் எழுதியவன், தான் எழுதியதன் மீது காதலோடு இருக்கிறான். வெட்டுவதற்கு அவனுக்கு மனமும் வராது, நேரமும் இருக்காது. சனிக்கிழமை உட்காருகிறவனுக்கு அந்த வரிகள் ஓரளவு அந்நியமாகிவிட்டிருக்கும். முதலில் வாய்விட்டுப் படிக்கிறேன். தமிழில் வினைமுற்றுகள் எல்லாம் வாக்கியத்தின் கடைசியில் வந்து குவிவதால், ஒரு பத்தி முழுவதும் இருக்கிறது, வருகிறது, தெரிகிறது என்று ஒரே தாளத்தில் முடிந்துகொண்டே போவதைக் கண் பிடிக்காது, காது உடனே பிடித்துவிடும். வெவ்வேறு நாட்களில் எழுதிய துண்டுகள் ஒட்டுப்போட்டதுபோல் இருப்பதும் அப்போதுதான் தெரியும். செவ்வாயன்று ஒருவரை அவர் என்று எழுதியிருப்பேன், வியாழனன்று ஏதோ எரிச்சலில் அதே ஆளை அவன் என்று எழுதியிருப்பேன். அதன் பிறகு ஒற்றுப் பிழைகள், ரகர றகரங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பனியும் பணியும். இந்த வேலைக்கு இரண்டு மணி நேரம் தாராளமாக வேண்டும். இடையில் எழுந்து நடந்துவிட்டு வர வேண்டும், திரும்பி வந்து, வெட்டிய ஒரு பத்தியை மீண்டும் சேர்த்து, மறுபடியும் வெட்ட வேண்டும். இது எதுவும் மதிய இடைவேளைக்குள் அடங்குவதில்லை.

விடுமுறை நாளின் மீது நான் வைக்கும் இந்தக் குற்றச்சாட்டுக்கு எதிராக ஒரு பெரிய சாட்சி இருப்பதையும் மறைக்கக் கூடாது. பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா, 1912 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து, மறுநாள் காலை ஆறு மணிக்குள் ஒரு சிறுகதையை ஒரே மூச்சில் எழுதி முடித்தார். உட்கார்ந்தே இருந்ததில் விறைத்துப்போன கால்களை மேசைக்கு அடியிலிருந்து இழுக்கவே முடியவில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். அது என்ன கிழமை என்று நாள்காட்டியைப் பார்த்தேன்: ஞாயிற்றுக்கிழமை. கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் எழுதியது, ஞாயிற்றுக்கிழமை முடியும் தறுவாயில், திங்கட்கிழமை அலுவலகம் கழுத்தருகே நின்றுகொண்டிருந்த எட்டு மணி நேரத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும். அன்று காலை மேலதிகாரிக்கு, லேசாக மயக்கம் வந்தது, தாமதமாக வருகிறேன் என்று ஒரு குறிப்பும் அனுப்பினார். அவருடைய அலுவலகம் பிற்பகல் இரண்டு மணிக்கே முடிந்துவிடும் என்பதை, பொறாமையை அடக்கிக்கொண்டு இங்கே சேர்க்கிறேன்.

மாதக் கடைசி நாட்களில் எனக்கு அந்த 20 நிமிடமும் கிடைப்பதில்லை. முன்பெல்லாம் நான்கு நாள் விட்டுப்போனால் பழக்கமே போய்விட்டது என்று முடிவுகட்டி, அடுத்த இரண்டு மாதங்கள் எழுதாமல் இருந்துவிடுவேன். இலண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரங்கள் கவனித்து வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தது இந்த விஷயத்தில் ஆறுதலாக இருந்தது. ஒரு செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாகப் படிவதற்கு நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்கள் போதும், சிலருக்கு 254 நாட்கள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் படிவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. ஒரு நாள் தவறுவதும் நான்கு நாள் தவறுவதும் ஒன்றாகிவிடாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஐந்தாம் நாள் கோப்பைத் திறப்பதற்கு அந்தச் சலுகையைக் கொஞ்சம் இழுத்துப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

இந்தக் கட்டுரைகூட ஒரு செவ்வாய்க்கிழமை தொடங்கியது. மூதாட்டியின் அஞ்சலட்டைக் கணக்கை வியாழனன்று போட்டேன். சனிக்கிழமை உட்கார்ந்து வெட்டியதில், எழுதும் மேசைகளைப் பற்றிய இரண்டு பத்திகளும், வானொலியைப் பற்றிய ஒரு பத்தியும் போயின. மேசையைப் பற்றி எழுதியதில் எனக்குக் கொஞ்சம் பெருமிதம்கூட இருந்தது. இப்போது ஞாயிறு மாலை. எழுதுவதற்கென்று இன்று உட்காரவில்லை. லிஃப்டில் குறித்த அந்த நான்கு சொற்களைக் கைபேசியிலிருந்து அழித்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். நடந்தது எதுவும் நினைவுக்கு வராது என்பது உறுதியானபின், நடந்ததாக வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. நாளை மதிய இடைவேளைக்காகப் புதிய கோப்பில் பாதி வரி மட்டும் வைத்திருக்கிறேன்: மூன்று பேரும் ஒரே குடையின் கீழ் ஒதுங்கி